வீட்டிலே ஒரு மின்சூளை

வஞ்சனையால் பொருள் சேர்த்து அதனைக் காக்க நினைப்பது, சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றி வைப்பதைப் போன்றது என்று வள்ளுவர் ஓரிடத்தில் கூறுகிறார். அக்குறளை நாம் அறநூலின் பகுதியாகவே படிக்கிறோம். ஆனால் மட்கலத் தொழிலின் முதற்பாடமும் அதிலேயே அடங்கியிருக்கிறது. வெயிலில் எவ்வளவு நாள் காய வைத்தாலும் பசுமண் கலம் நீரைத் தாங்காது, கரைந்து சேறாகிவிடும். நெருப்பில் ஒரு முறை சுட்டெடுத்த கலமோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தாலும் கரைவதில்லை. ஆதிச்சநல்லூரின் தாழிகளும் கீழடியின் ஓடுகளும் இதற்குச் சான்று.

சூட்டினால் களிமண்ணில் நிகழ்வது யாது? களிமண் துகள்கள் மிக மெல்லிய தகடுகள் போன்றவை. அவற்றின் இடையே உள்ள ஈரம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்குள் ஆவியாகி வெளியேறும். அதன் பின்னும், கண்ணுக்குப் புலப்படாத வேறொரு நீர் எஞ்சியிருக்கும். அது களிமண்ணின் மூலக்கூற்றிலேயே பிணைந்துள்ள நீர். 450 முதல் 600 டிகிரி வரை சூடேறும்போதுதான் அந்தப் பிணைப்பு அறுகிறது. அறுந்தபின் அது களிமண் அன்று. மீண்டும் நீரில் இட்டாலும் குழையாது. 1,000 டிகிரியை நெருங்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறுதிப்படுகின்றன. இதுவே மண் கலமாகும் வரலாறு.

இவ்வெப்பத்தை நம் குயவர் பெருமக்கள் விறகாலும் வைக்கோலாலும் வறட்டியாலும் உண்டாக்கினர். இன்று நகரத்து வீட்டு மாடியிலோ பள்ளியின் கைத்தொழிற் கூடத்திலோ புகை எழுப்பிச் சூளை போட இயலாது. ஆகவே மின்சாரத்தால் சுடும் சிறிய சூளையை நாமே கட்டிக்கொள்ளலாகாதா என்னும் ஆவல் மாணவர் பலருக்கு எழுகிறது. கட்டலாம். ஆனால் எப்படிக் கட்டுவது என்பதைச் சொல்வதற்கு முன், எப்படிக் கட்டக் கூடாது என்பதை என் சொந்தக் கதையால் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், கல்லூரி ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் நானும் மாணவர் நால்வரும் சேர்ந்து ஒரு மின்சூளை அமைத்தோம். தீச்செங்கற்களை அடுக்கி, பழைய இரும்புத் தகட்டை அதற்குச் சட்டையாகப் போர்த்தி, மரப்பலகை ஒன்றின் மேல் நிறுத்தினோம். சூளை மரத்தின் மேல் நிற்கிறது, மரம் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே தகட்டை நிலத்தோடு இணைக்கும் எர்த் கம்பி வேண்டியதில்லை என்று நானே தீர்ப்புச் சொன்னேன். மூன்றாம் முறை சுடும்போது கம்பிச்சுருள் ஒன்று சூட்டில் தொய்ந்து, செங்கல்லின் இடுக்கு வழியே தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெப்பமானியைப் படிக்கக் குனிந்த மாணவர் ஒருவர், ஒரு கையைச் சுவரோரம் இருந்த தண்ணீர்க் குழாயில் ஊன்றி, மறு கையின் மணிக்கட்டைத் தகட்டின்மேல் வைத்துவிட்டார். தூக்கி எறியப்பட்டதுபோல் பின்னால் விழுந்தார். அவர் கண் விழித்து எழுந்து உட்காரும் வரை கழிந்த சில நொடிகளை நான் இன்றளவும் மறக்கவில்லை. மணிக்கட்டில் ஒரு தீக்காயத்தோடு அவர் தப்பினார். அது எங்கள் திறமையால் நேர்ந்ததன்று.

மறுநாள் அவர் கட்டுப்போட்ட கையோடு வந்து என்னைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “சார், ஃப்யூஸ் ஏன் போகவில்லை?”

அக்கேள்விக்கு விடை தெரிந்தவரே மின்சூளை கட்டத் தகுதியுடையவர். ஆகவே முதலில் அதனை ஆராய்வோம். எங்கள் ஃப்யூஸ் 15 ஆம்பியர் மின்னோட்டத்தில் உருகக்கூடியது. மனித உடல் வழியே ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி ஆம்பியர், சிறிது நேரம் பாய்ந்தாலே இதயத்தின் இயக்கம் குலைந்து உயிர் போகக்கூடும். 15 ஆம்பியருக்குக் காத்திருக்கும் ஃப்யூஸுக்கு அது ஒரு பொருட்டன்று. ஃப்யூஸ் கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டது. மனிதரைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. இரும்புச் சட்டை எர்த் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தால், சுருள் தகட்டைத் தொட்ட கணமே பெருமின்னோட்டம் நிலத்திற்குப் பாய்ந்து ஃப்யூஸை உருக்கியிருக்கும். எவரும் கை வைப்பதற்கு முன்பே சூளை அணைந்திருக்கும். மரப்பலகை செய்த வேலை என்னவெனில், பாய வேண்டிய மின்சாரத்தை ஒரு மனிதர் வந்து தொடும் வரை தேக்கி வைத்ததே.

இன்று நமக்கு மற்றொரு காவலும் கிடைத்திருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்று வழங்கும் கசிவு துண்டிக்கும் சாதனம் அது. சூளைக்குள் செல்லும் மின்னோட்டமும் அதிலிருந்து திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், எங்கோ வழி தவறிப் பாய்கிறது என்று கொண்டு, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. எர்த் கம்பியும் இச்சாதனமும் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகா, இரண்டும் வேண்டும். புதிய சூளையின் செங்கற்களில் ஈரம் இருந்தால் இச்சாதனம் தொடக்கத்தில் அடிக்கடி விழுவதுண்டு. அது தொல்லை தருகிறது என்று எண்ணி, அதனை ஒதுக்கிவிட்டு நேரே இணைப்பது பெருந்தவறு. சூளையை நன்கு காய வைப்பதே அதற்கு மருந்து.

இனிச் சூளையின் உடலைக் கட்டுவோம். இதற்கு வேண்டிய செங்கல், வீடு கட்டும் செங்கல் அன்று. உலைகளுக்கு உட்சுவராகும் கனத்த தீச்செங்கல்லும் அன்று. வெப்பம் கடத்தாத இலேசான தீச்செங்கல் என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளெல்லாம் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் அது வெப்பத்தை எளிதில் வெளியே விடாது; கைரம்பத்தால் அறுக்கவும் அரத்தால் பள்ளம் எடுக்கவும் இடம் கொடுக்கும். அதன் அளவு வழக்கமாக 23 செ.மீ. நீளம், 11.5 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. தடிப்பு. 1,260 டிகிரி தாங்கும் வகை நமக்குப் போதும். உள்ளே 23 செ.மீ. நீளமும் அகலமும் உயரமும் உள்ள அறையை விட்டு, சுற்றிலும் 11.5 செ.மீ. தடிப்புள்ள சுவர் எழுப்பினால், 12 லிட்டர் கொள்ளளவுள்ள சூளை அமையும். சில கிண்ணங்களும் ஒரு சிறு பூச்சாடியும் அதில் அடங்கும். தொடக்கக்காரருக்கு அது போதுமானது.

இச்செங்கல்லை அறுக்கும்போது எழும் தூசியை ஒருபோதும் எளிதாக எண்ணலாகாது. நுண்ணிய மணல்தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். ஆகவே திறந்த வெளியில், செங்கல்லை நனைத்துக்கொண்டு, தூசியை உண்மையாகவே தடுக்கும் முகமூடி அணிந்து அறுக்க வேண்டும். பழைய கைத்தொழில் நூல்கள் சில கல்நார்த் தகட்டைப் பயன்படுத்தச் சொல்லும். கல்நார் புற்றுநோயை விளைவிப்பது என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. அந்த அறிவுரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

சூளையின் உயிர் அதன் கம்பிச்சுருள். மின்சாரம் பாயும் கம்பி சூடாவதற்கான விதியை ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841-இல் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது அதன் சாரம். ஆனால் விதி தெரிந்தும் சூளை பிறக்கவில்லை. செஞ்சூட்டில் நெடுநேரம் நிற்கவல்ல மலிவான கம்பி அப்போது இல்லை. இரும்பு காற்றில் எரிந்து உதிர்ந்தது. பிளாட்டினம் விலை மிக்கது. 1906-இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகக் கலவைக்கு உரிமம் பெற்றார். 1920-களில் சுவீடன் நாட்டு ஹான்ஸ் வான் கான்ட்ஸோவ், இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த மற்றொரு கலவையைக் கண்டார். தம் பெயரையும் ஹால்ஸ்டாஹம்மர் என்னும் தம் ஊரின் பெயரையும் இணைத்து அதற்குக் காந்தால் என்று பெயர் சூட்டினர். சூடேறும்போது இக்கம்பியின் மேற்புறத்தில் அலுமினிய ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. நம் சூளைக்கு இதுவே ஏற்றது.

எவ்வளவு கம்பி வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். ஊகம் இங்கே உதவாது. நம் வீடுகளில் வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். பெரிய பிளக்கு 16 ஆம்பியர் தாங்கும் என்றாலும், மணிக்கணக்கில் ஓடும் சூளைக்கு 10 ஆம்பியர் என்று வரம்பு கட்டுவது நன்று. அப்போது வலு 2,300 வாட். ஓம் விதிப்படி 230-ஐ 10-ஆல் வகுத்தால் மின்தடை 23 ஓம். 1.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள காந்தால் கம்பிக்கு மீட்டருக்கு 0.72 ஓம் தடை என்பதால், ஏறத்தாழ 32 மீட்டர் கம்பி வேண்டும். அதனை 10 மி.மீ. சராசரி விட்டமுள்ள சுருளாகச் சுற்றினால் ஏறக்குறைய ஆயிரம் சுற்றுகள் வரும். நெருக்கமாக இருக்கும்போது 1.6 மீட்டர் நீளம் இருக்கும். சுவரைச் சுற்றி நான்கு வரிசைப் பள்ளம் எடுத்தால் மொத்தப் பள்ளம் 3.7 மீட்டர். சுருளைச் சீராக அந்த அளவுக்கு இழுத்துவிட்டுப் பதிக்க வேண்டும். ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தால், நெருங்கிய இடம் அளவு மீறிச் சூடாகி அங்கேயே கம்பி அறும்.

இங்கே மாணவர் பலர் விழும் குழி ஒன்று உண்டு. சூளை மெதுவாகச் சூடாகிறதே, இன்னும் கொஞ்சம் கம்பி சேர்த்தால் வெப்பம் மிகுமே என்று எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. கம்பியைக் கூட்டினால் தடை கூடி வெப்பம் குறையும். இதை அறிந்த வேறு சிலர் கம்பியைப் பாதியாக வெட்டிவிடுவர். அப்போது தடை 11.5 ஓம், மின்னோட்டம் 20 ஆம்பியர். பிளக்கு கருகும்; கம்பியின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்னிலும் நான்கு மடங்கு வெப்பத்தைச் சுமந்து விரைவில் அழியும். மிகைப்பட்ட அவசரம் இங்கே இரண்டு வழியிலும் தோற்கும்.

பள்ளத்தைக் கீழ்நோக்கிச் சாய்வாகக் குடைந்தால் சுருள் வெளியே நழுவாது. அதே கம்பியின் துண்டுகளால் கொக்கி செய்து ஆங்காங்கே செங்கல்லில் செருகிப் பிடிக்கச் செய்யலாம். சுருளின் இரு முனைகளும் பீங்கான் குழாய் வழியே சுவரைக் கடந்து வெளியே வர வேண்டும். அம்முனைகளை இரட்டையாக முறுக்கினால் அங்கே தடை குறைந்து சூடும் குறையும். வெளியே பீங்கான் இணைப்புக் கட்டையில் திருகாணியால் இறுக்க வேண்டும்; ஈயப்பற்று வைத்தால் உருகி ஓடிவிடும். பிளாஸ்டிக் உறையிட்ட சாதாரணக் கம்பியை இவ்விடத்தில் இணைக்கலாகாது. சிலிக்கோன் அல்லது கண்ணாடியிழை உறையுள்ள கம்பியே தகும். இணைப்புகள் அனைத்தையும் காற்றோட்டமுள்ள தகரப் பெட்டியால் மூட வேண்டும். இரும்புச் சட்டைக்கும் இப்பெட்டிக்கும் கதவின் சட்டத்திற்கும் எர்த் கம்பியைத் துருவின்றிச் சுரண்டிய இடத்தில் திருகாணி கொண்டு பொருத்த வேண்டும்.

அடுத்து, கதவு. சூளை ஓடும்போது உள்ளே தெரியும் சுருள் முழுவதும் மின்சாரம் உடையது. இரும்புக் கம்பியால் உள்ளே ஒரு கலத்தை நகர்த்தப் பார்ப்பவர் உயிரோடு விளையாடுகிறார். அன்றியும், தண்ணென்றிருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாத செங்கல், செஞ்சூட்டில் ஓரளவு கடத்தத் தொடங்குகிறது. ஆகவே கதவைத் திறந்த உடனே மின்சாரம் தானே நிற்கும்படி கதவோரத்தில் ஒரு ஸ்விட்சு அமைத்தாக வேண்டும். இரு கம்பிகளில் ஒன்றை மட்டும் துண்டித்தால் போதாது. இரண்டையும் ஒருங்கே துண்டிக்க வேண்டும். ஒன்று எஞ்சினாலும் சுருளில் மின்னழுத்தம் நிற்கக்கூடும். அதன் பிறகும், பிளக்கைக் கழற்றிக் கண்ணெதிரே வைத்துவிட்டே சூளைக்குள் கை நீட்டுக.

வெப்பத்தை அளக்க வெப்ப மின்னிரட்டை உதவுகிறது. இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை 1821-இல் சீபெக் கண்டார். அதனோடு இணைந்த மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டிய வெப்பத்தில் சூளையை நிறுத்தும். ஆனால் எந்தக் கருவியும் கெடும். மின்னிரட்டை நழுவி வெளியே வந்துவிட்டால், சூளை இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கருவி எண்ணி மேலும் மேலும் சூடேற்றும். மின்னணு ஸ்விட்சுகள் பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். எனவே வெப்ப வரம்பு மீறினால் தனியே துண்டிக்கும் இரண்டாவது காவல் ஒன்று வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சூளை ஓடும்போது ஒருவர் அருகே இருக்க வேண்டும். கருவியைச் சரிபார்க்க, ஜெர்மனியின் செகர் 1886-இல் வகுத்த முறையில் செய்த சுடுகூம்புகளை உள்ளே வைக்கலாம். குறித்த சூட்டில் கூம்பு தலை சாய்க்கும். அது மின்சாரம் அறியாத சாட்சி. ஆகவே பொய் சொல்லாது.

பிளக்கை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் கொண்டு மூன்று சோதனைகளைச் செய்க. பிளக்கின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 23 ஓம் காட்ட வேண்டும். அம்முனைகளில் எதற்கும் இரும்புச் சட்டைக்கும் இடையே தொடர்பே இருக்கலாகாது. எர்த் முனைக்கும் சட்டைக்கும் இடையே தடை ஏறக்குறைய இன்மையாக இருக்க வேண்டும். சூளைக்கென்று தனிக் கம்பி, தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்கம்பியாளரைக் கொண்டே அமைக்க வேண்டும். அவரை அழைப்பது உங்கள் அறிவுக்கு இழுக்கன்று. சூளையைச் செங்கல் அல்லது சிமென்ட் தரையில், சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது விலக்கி, திரைச்சீலையும் காகிதமும் அணுகாத இடத்தில் நிறுத்துக. சுடும்போது களிமண்ணிலிருந்து கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்கள் எழும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். படுக்கும் அறையில் சூளைக்கு இடமில்லை. ஈயம் கலந்த மெருகுப் பூச்சை அறவே தவிர்க்க.

முதல் முறை வெறுஞ்சூளையாகவே மெல்லச் சூடாக்கிச் செங்கல்லின் ஈரத்தைப் போக்கி, பின் 1,050 டிகிரி வரை ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்துக. கம்பியின் காப்புத் தோல் அப்போதுதான் படியும். ஒரு முறை சுட்ட காந்தால் கம்பி குளிர்ந்தபின் நொறுங்கும் இயல்புடையது. அதனை வளைக்க முயலலாகாது.

பின்னர்க் கலங்களைச் சுடலாம். நன்கு உலர்ந்த கலங்களையே அடுக்குக. 100 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் நிறுத்துக. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது. வெளியேற வழியில்லாவிடில் கலம் வெடித்துச் சிதறும், சுருளும் சேதமுறும். 600 டிகிரி வரை மணிக்கு 80 டிகிரி வீதம் ஏற்றுக. இடையில் 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் திடீரென்று விரியும். இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கே பதற்றம் கூடாது. அதன்பின் 1,000 டிகிரி வரை சற்று விரைந்து செல்லலாம். பார்வைத் துளை வழியே நோக்கும்போது கருநிறப் பாதுகாப்புக் கண்ணாடி அணிக. பத்து மணி நேரம் முழு வலுவில் ஓடினாலும் செலவாகும் மின்சாரம் 23 யூனிட்டைத் தாண்டாது.

அதன் பிறகு செய்ய வேண்டிய வேலை மிகக் கடினமானது: ஒன்றும் செய்யாமல் இருத்தல். அன்றிரவு முழுவதும் கதவைத் திறக்காதீர்கள். மறுநாள் வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின், பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறங்கள்.

எங்கள் கல்லூரியில் அந்த விபத்துக்குப் பிறகு சூளையைப் பிரித்துவிட வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். அடிபட்ட மாணவரே அதைத் தடுத்தார். எர்த் கம்பியைத் தம் கையாலேயே பொருத்தி, மூன்று முறை சோதித்து, மின்கம்பியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிய பிறகே மீண்டும் சுட்டார். அன்று அவர் எடுத்த கிண்ணம் சற்றுக் கோணலாகவே இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி என் மேசைமேல் வைத்தார். மாலை வரை ஒரு துளியும் குறையவில்லை.